நீரை விரும்புபவை, நீரை வெறுப்பவை: உயிர் மூலக்கூறுகளையும் செல் கடத்தலையும் ஒன்றாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உயிரியலைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் பலர் முதல் சில பாடங்களிலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று ஒரு பாடம். பரவல், சவ்வூடு பரவல், செயல்மிகு கடத்தல் என்று இன்னொரு பாடம். இரண்டுக்கும் தனித்தனி வரையறைகள், தனித்தனி அட்டவணைகள். உருப்போட்டு எழுதுகிறார்கள், தேர்வு முடிந்த வாரமே எல்லாம் கரைந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவை இரண்டும் ஒரே பாடம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எந்த மூலக்கூறைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நீரோடு ஒட்டுமா, விலகுமா? எவ்வளவு பெரியது? மின்சுமை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், அது செல்லுக்குள் எந்த வழியாக நுழையும் என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தை உண்டாக்கத்தான்.

தேவையானவை: ஒரு குறிப்பேடு, உருளைக்கிழங்கு, பீட்ரூட், சர்க்கரை, சிறிய எடைக்கருவி. மருந்துக்கடையில் ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் (வயிற்றுப்போக்கின்போது நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் பொடி) வாங்கி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசிப் படியில்தான் பிரிக்கப்போகிறோம்.

முதல் படி: நீரிலிருந்து தொடங்குங்கள்

செல்லின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் நகராதீர்கள்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டிருக்கும். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாகப் பார்த்தால் வலுவற்ற பிடி. கோடிக்கணக்கில் சேரும்போது நீரின் குணத்தையே தீர்மானிக்கிற பிடி.

சர்க்கரை, உப்பு போன்றவை இந்தப் பிடிக்குள் தங்களையும் இணைத்துக்கொள்கின்றன, ஆகவே கரைகின்றன. எண்ணெயில் மின்தன்மை உள்ள முனைகள் இல்லை என்றே சொல்லலாம். நீர் மூலக்கூறுகள் தமக்குள் கைகோத்துக்கொண்டு எண்ணெயை ஓரம் கட்டிவிடுகின்றன. எண்ணெய் நீரை ‘வெறுக்கிறது’ என்பது வழக்கத்தில் வந்துவிட்ட பேச்சு. உண்மையில் நீர்தான் அதை ஒதுக்குகிறது.

இரண்டாம் படி: நான்கு வகை மூலக்கூறுகளையும் நீரை வைத்தே பிரித்துப் பாருங்கள்

கார்போஹைட்ரேட்டுகள் அனைத்தும் நீரை விரும்புபவை. குளுக்கோஸ் அவற்றின் அடிப்படைச் செங்கல். இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. பிரிக்க வேண்டுமென்றால் ஒரு நீர் மூலக்கூறைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செரிமானம் என்பது பெரும்பாலும் இந்த நீராற்பகுப்புதான். சோறு வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். ஸ்டார்ச்சின் சங்கிலி சுருள்படிக்கட்டு போல வளைந்திருப்பதும், அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் அமர்வதும்தான் காரணம். அதே குளுக்கோஸ், இணைப்பின் கோணம் மட்டும் மாறினால், செல்லுலோஸ் ஆகிறது. சோற்றைச் செரிக்கும் நம் குடலால் வைக்கோலைச் செரிக்க முடியாததற்கு அந்த ஒரு கோணம் போதும்.

கொழுப்புகள் எதிர்ப்பக்கம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் திரவமாக இருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை நிறைவுற்றவை, அதாவது அவற்றின் வாலில் இரட்டைப் பிணைப்பு இல்லை. நேரான வால்கள் என்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம்; அந்த இடங்களில் வால் வளைந்துவிடுவதால் நெருக்கமாக அடுக்க முடியாது. இந்த வளைந்த வாலை நினைவில் வையுங்கள். செல் சவ்வு இறுகாமல் நெகிழ்வாக இருப்பதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம்.

நமக்கு மிகவும் தேவைப்படுவது பாஸ்போலிப்பிடு. அதற்கு ஒரு தலை, இரண்டு வால்கள். பாஸ்பேட் உள்ள தலை நீரை விரும்பும். கொழுப்பு அமில வால்கள் நீரிலிருந்து விலகும். ஒரே மூலக்கூறுக்குள் இரண்டு குணங்கள். இதைத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும் என்று அடுத்த படிக்குப் போகும் முன் நீங்களே வரைந்து பாருங்கள்.

புரதங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகள்போல் கோக்கப்படுகின்றன. அவற்றில் சில நீரை விரும்பும், சில வெறுக்கும், சிலவற்றுக்கு மின்சுமை உண்டு. கோத்த சங்கிலி நீருக்குள் இருப்பதால், வெறுப்பவை உள்ளே ஒளிந்துகொள்ளும்படியும் விரும்புபவை வெளியே தெரியும்படியும் மடிகிறது. புரதத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு இந்த ஒளிந்துகொள்ளலுக்கு உண்டு.

ஒரே ஒரு மணி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாள் செல் இரத்தசோகையைவிட அழுத்தமான சான்று இல்லை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளூட்டமிக் அமிலம் மின்சுமை கொண்டது, நீரை விரும்புவது. அந்த இடத்தில் நீரை வெறுக்கும் வேலின் வந்துவிடுகிறது. ஆக்சிஜன் குறையும்போது அந்த வெறுப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, வட்டமான செல்லை அரிவாளாக வளைத்துவிடுகின்றன. நம் நாட்டில் இது முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. நம் மலைகளில் இன்றும் மக்கள் சுமக்கும் இந்த வலியின் வேர், நீரோடு ஒட்டுமா விலகுமா என்ற அதே கேள்வியில் இருக்கிறது.

தமிழ்நாட்டு மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடமும் அதே துறையிலிருந்து 1963இல் வந்ததுதான். உலகெங்கும் புரத அமைப்பை ஆராய்பவர்கள் தங்கள் மாதிரி சரியா என்று அதை வைத்துத்தான் இன்றும் சோதிக்கிறார்கள்.

நியூக்ளிக் அமிலங்களை இந்தப் பாடத்துக்கு வேண்டிய அளவு மட்டும் தொட்டுச் செல்வோம். டி.என்.ஏ.வின் வெளிப்புறத்தில் பாஸ்பேட், எதிர்மின் சுமையோடு. உள்ளே காரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீருக்கு மறைவாக. மிகப் பெரியது, சுமை கொண்டது. எனவே தானாகச் சவ்வைக் கடக்காது.

மூன்றாம் படி: சவ்வை நீங்களே கட்டுங்கள்

பாஸ்போலிப்பிடுகளை நீரில் விட்டால் வால்கள் உள்நோக்கியும் தலைகள் இருபுறமும் நீரை நோக்கியும் நிற்க, இரண்டு அடுக்குத் தாள் ஒன்று உருவாகும். யாரும் கட்டத் தேவையில்லை. எந்த ஆற்றலும் செலவிடத் தேவையில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கார்ட்டரும் கிரெண்டலும் 1925இல் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீரின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. எனவே சவ்வு ஈரடுக்கு என்றார்கள். அவர்களுடைய அளவீட்டில் இரண்டு பிழைகள் இருந்தன என்பதும், அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன என்பதும் பின்னாளில் தெரியவந்தது. முடிவு மட்டும் நிலைத்தது.

இந்த ஈரடுக்கில் புரதங்கள் பதிந்தும் மிதந்தும் இருக்கின்றன என்ற பாய்ம மொசைக் மாதிரியை 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்டார்கள். சவ்வின் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர்தான்.

இப்போது பீட்ரூட்டை எடுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி, வெட்டும்போது உடைந்த செல்களின் சாறு போகும்வரை குளிர்ந்த நீரில் பலமுறை அலசுங்கள். சில துண்டுகளைச் சாதாரண நீரிலும், சிலவற்றை ஆவி பறக்கும் வெந்நீரிலும் போடுங்கள். முதல் டம்ளர் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். இரண்டாவது சற்று நேரத்தில் செக்கச்செவேலென்று ஆகும். பீட்ரூட்டின் நிறமி நீரில் நன்றாகக் கரைவது. அப்படியிருந்தும் பச்சைத் துண்டில் அது வெளியேறாமல் இருந்ததே, ஏன்? நீரை விரும்பும் மூலக்கூறால் கொழுப்பு வால்கள் நிறைந்த நடுப்பகுதியைத் தாண்ட முடியவில்லை. வெப்பம் சவ்வின் கட்டமைப்பைக் குலைத்ததும் தடை போய்விட்டது. இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்தவருக்குச் சவ்வின் தேர்ந்தெடுக்கும் தன்மையை வேறு எப்படியும் விளக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: பரவலின் வேகத்தையும் வரம்பையும் உணருங்கள்

மூலக்கூறுகள் ஓயாமல் முட்டிமோதிக்கொண்டிருக்கின்றன. எந்தத் திசையிலும் போகும். ஓரிடத்தில் அதிகமாக இருந்தால், அங்கிருந்து வெளியே போவதும் அதிகமாக இருக்கும். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று எந்த மூலக்கூறுக்கும் தெரியாது. எண்ணிக்கைதான் அப்படி முடிகிறது.

பரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். குளுக்கோஸ் அளவுள்ள மூலக்கூறு நீரில் 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு சாதாரண செல்லின் அகலம், கடக்கச் சராசரியாக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஒரு மீட்டருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல். செல்கள் ஏன் சிறியவை, நமக்கு ஏன் இதயம் வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தக் கணக்கே விடை. இதைக் குறிப்பேட்டில் எழுதி ஒட்டிவையுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன்.

இப்போது மூன்று கேள்விகளையும் கையில் எடுங்கள். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சிறியவை, சுமையற்றவை, கொழுப்பில் கரைபவை: நேராகக் கடக்கும். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொழுப்பு இனம்: அவையும் கடக்கும். குளுக்கோஸ் நீரை விரும்புவது, ஓரளவு பெரியது: கதவு வேண்டும், அதாவது சவ்வில் பதிந்து வழிவிடும் ஒரு புரதம். சோடியம் அயனி மிகச் சிறியது. ஆனால் சுமை உண்டு, சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும்: கதவில்லாமல் முடியாது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம்: செய்தி சொல்ல அது உள்ளே போக வேண்டியதில்லை, சவ்வின் வெளிப்புறத்தில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஏற்பியில் அமர்ந்தே சொல்லிவிடுகிறது. அந்தச் செய்தி கேட்டு, தசைச் செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும் குளுக்கோஸ் கதவுகள் சவ்வின் மேற்பரப்புக்கு வருகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வரியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். இன்சுலினை ஏன் ஊசியாகப் போடுகிறார்கள், சாதாரண மாத்திரையாக ஏன் தருவதில்லை என்பதும் விளங்கிவிடும்: குடல் அதைச் சாதாரணப் புரதமாகக் கருதி நீராற்பகுத்துவிடும்.

ஐந்தாம் படி: சவ்வூடு பரவலை அளந்து பாருங்கள்

கரைந்த துகள்கள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வு வழியே நகர்வதுதான் சவ்வூடு பரவல். இலங்கைப் பாடநூல்களில் இதைப் பிரசாரணம் என்பார்கள், பொருள் ஒன்றுதான். பலரும் தடுமாறும் இடம் இது என்பதால் நிதானமாகச் செல்வோம்.

மாவடு போட்ட வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். வடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று நாளில் வடு சுருங்கி, ஜாடியில் தண்ணீர் நிற்கும். அது வடுவின் செல்களுக்குள் இருந்த நீர்.

இனி அளவீடு. ஐந்து டம்ளர்களில் 100 மில்லி வீதம் நீர் எடுத்து, முறையே 0, 5, 10, 15, 20 கிராம் சர்க்கரை கரையுங்கள். ஒரே உருளைக்கிழங்கிலிருந்து ஒரே அளவில் தோல் நீக்கிய துண்டுகள் வெட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்து, எடை போட்டுக் குறித்துக்கொண்டு, டம்ளருக்கு இரண்டாகப் போடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்து, மீண்டும் ஒற்றி, எடை போடுங்கள். ஒற்றும் விதம் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரேபோல் இருக்கட்டும்; பெரும்பாலான பிழைகள் இங்கேதான் வருகின்றன. 4 கிராம் துண்டு 4.4 கிராமானால் மாற்றம் கூட்டல் 10 விழுக்காடு. எடையின் மாற்றத்தை விழுக்காடாக வரைபடத்தில் குறியுங்கள். கோடு பூச்சியத்தைக் கடக்கும் இடம்தான் கிழங்கின் உள்செறிவுக்கு ஈடான கரைசல். அது பெரும்பாலும் 10 கிராமை ஒட்டி வரும்; கிழங்குக்குக் கிழங்கு மாறும். வேகவைத்த துண்டு ஒன்றையும் சேர்த்துச் செய்து பாருங்கள். சவ்வு சிதைந்த அந்தத் துண்டு இந்த ஒழுங்குக்கு ஏன் கட்டுப்படவில்லை என்று பீட்ரூட் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

தூய நீரில் போட்ட துண்டு விறைத்து நிற்கும். செல் சுவர் தாங்குவதால் வெடிக்காது. வாடிய கீரைக்கட்டில் நீர் தெளித்ததும் நிமிர்வது இந்த விறைப்பழுத்தத்தால். சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை; தூய நீரில் வெடித்துவிடும். அதனால்தான் மருத்துவமனையில் ஏற்றும் உப்புக் கரைசல் 0.9 விழுக்காடாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. உள்ளும் புறமும் துகள் எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டும் செல் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். செல்லின் உட்செறிவுக்குச் சமமான யூரியாக் கரைசலில் சிவப்பணுவைப் போட்டாலும் வெடிக்கும். யூரியா சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது, நீர் பின்தொடர்கிறது. எனவே எண்ண வேண்டியது கடக்க முடியாத துகள்களை.

நீர் மட்டும் எப்படி இவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்று கேட்டிருந்தால், நீங்கள் நல்ல மாணவர். ஈரடுக்கு வழியே அது மெதுவாகத்தான் கசியும். நீருக்கென்றே தனிக் கதவு உண்டு. அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரி குழுவினர் 1992இல் இதை உறுதிசெய்த விதம் அழகானது. தவளை முட்டைகள் நன்னீரில் கிடந்தாலும் பெரிதாக வீங்குவதில்லை. சிவப்பணுவில் கண்டெடுத்த ஒரு புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வை அந்த முட்டைக்குள் செலுத்தி, செறிவு குறைந்த நீரில் விட்டார்கள். முட்டை வீங்கி வெடித்தது. அக்வாபோரின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்துக்காக 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆறாம் படி: எதிர்த்திசையில் ஏற்றும் பம்பு

நம் செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். பரவலை அதன் போக்கில் விட்டால் இரண்டும் சமமாகிவிடும். அப்படிச் சமமானால் நரம்பும் இதயமும் நின்றுவிடும். அதைத் தடுப்பது சோடியம்–பொட்டாசியம் பம்பு. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இப்படி ஆற்றல் செலவிட்டு எதிர்த்திசையில் ஏற்றுவதுதான் செயல்மிகு கடத்தல். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவ் 1957இல் கண்டறிந்தது இது. நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

பைபோல் மடிந்து பெரிய பொருள்களை விழுங்குவதும் வெளியேற்றுவதும் தனி வழி. வெள்ளையணு கிருமியை விழுங்குவதும், கணையச் செல் இன்சுலினைக் கொட்டுவதும் அப்படித்தான்.

ஏழாம் படி: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் படியுங்கள்

இதுவரை படித்த அனைத்தும் இந்தப் பொட்டலத்துக்குள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் கதவு வழியே நுழையும் என்று எழுத முயலுங்கள். பிறகு கீழே படியுங்கள்.

காலராவின் நச்சு, குடல் செல்லின் குளோரைடு கதவைத் திறந்த நிலையிலேயே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, சோடியம் பின்தொடர்கிறது, அவற்றின் பின்னால் நீர். ஒரே நாளில் பல லிட்டர் நீரை உடல் இழக்கும். ஆனால் அதே செல்லில் இன்னொரு கதவு பழுதில்லாமல் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். செல்லின் மறுபக்கத்தில் சோடியம் பம்பு ஓயாமல் வேலை செய்து உள்ளே சோடியத்தைக் குறைத்து வைத்திருப்பதால், சோடியம் உள்ளே பாய்கிறது. கூடவே குளுக்கோஸையும் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் உள்ளே போனதும் நீர் சவ்வூடு பரவலால் தொடர்கிறது. சர்க்கரை அங்கே முதன்மையாக உணவுக்காக இல்லை. உப்புக்குக் கதவு திறப்பதற்காக. இழந்த பொட்டாசியத்தை ஈடுகட்டப் பொட்டாசியம் குளோரைடு. இரத்தம் அமிலத்தன்மை அடைவதைச் சரிசெய்யச் சிட்ரேட்.

இந்த இணைக் கடத்தலை ராபர்ட் கிரேன் 1960இல் முன்மொழிந்தார். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்குப் போதுமான குளுக்கோஸ், சலைன் பாட்டில்கள் இல்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார், உறவினர்களே புகட்டினார்கள். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு விகிதம், இப்படிப் பார்க்கப்பட்டவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஒரு சவ்வுப் புரதத்தைப் பற்றிய அறிவு அந்தச் சேற்று முகாமில் எத்தனை தாய்மாரின் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. சரியாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் 245 மில்லியாஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) துகள்கள் கொண்டது. இரத்தத்தில் ஏறத்தாழ 290. எனவே நீர் குடலிலிருந்து இரத்தத்தை நோக்கிப் போகும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அவசரத்தில் 200 மில்லி டம்ளரில் கரைத்தால் அந்த எண் 1225 ஆகும். மாவடுவுக்கு நேர்ந்தது குழந்தையின் குடலுக்கு நேரும். நீர் உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு கூடும். கடைகளில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைக்கிறது, ஒரு லிட்டருக்கானதும் கிடைக்கிறது. உங்கள் மேசைமேல் இருப்பது எது என்று இப்போதே திருப்பிப் பாருங்கள். அளவைப் பெரிய எழுத்தில் அதன்மேல் எழுதி, வீட்டு மருந்துப் பெட்டியில் வையுங்கள்.